வண்டியைத் தகுதிச் சோதனைக்குத் தயார்செய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தகுதிச் சோதனையில் தோற்கும் வண்டிகளில் பல, சின்ன விஷயத்தில்தான் தோற்கின்றன. எரியாத நம்பர் பிளேட் பல்பு, உள்பக்கம் மட்டும் மொட்டையான டயர், கிழிந்த வைப்பர், ஒரு பக்கம் அதிகமாகப் பிடிக்கும் பிரேக் என்று பட்டியல் போகும். இவற்றில் பலவற்றை வண்டிக்காரரே வீட்டு வாசலில் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்கே பார்க்க வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். முக்கியமானது, அதைச் சோதனைக்கு முந்தின நாள் இரவில் பார்க்காமல் ஒரு மாதம் முன்னாலேயே பார்ப்பது.

விதி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் புதுக் காருக்கு மூன்று ஆண்டு முடியும்போது முதல் சோதனை, அப்புறம் ஆண்டுதோறும். ஜப்பானில் சொந்தக் காருக்கு முதலில் மூன்று ஆண்டு, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் குறைந்தபட்ச விதி, நான்கு ஆண்டு கழித்து முதல் சோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒன்று. இந்தியாவில் வாடகை, சரக்கு வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். ஆனால் சோதிக்கிறவர் பார்க்கும் இடங்கள் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1960-இல் பிரிட்டனில் இந்தச் சோதனை தொடங்கியபோது பார்த்தவை பிரேக், விளக்கு, ஸ்டியரிங். பிற்பாடு டயர், சீட் பெல்ட், புகை என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இந்த வழிகாட்டியில் வரும் எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, பிரிட்டன் விதிகளில் உள்ளவை. உங்கள் ஊர் வரம்பு சற்றே மாறலாம். பார்க்கும் முறை மாறாது.

முதல் படி: தேதியும் காகிதமும்

சான்றிதழ் முடியும் தேதிக்கு நான்கு வாரம் முன்னால் வேலையைத் தொடங்குங்கள். டயர் வாங்குவது, பிரேக் வேலை, துருவுக்கு வெல்டிங் வைப்பது எல்லாம் நாள் பிடிக்கும் வேலைகள். பல்பு மாற்றுவது பத்து நிமிட வேலை. அதனால் நாள் பிடிக்கும் விஷயங்களை முதலில் பார்த்துவிட வேண்டும். இங்கே நான் சொல்லும் வரிசை வண்டியைச் சுற்றி வருவதற்கு வசதியான வரிசை. ஒர்க்‌ஷாப்பில் வேலை கொடுக்கும்போது பிரேக்கும் துருவும்தான் முன்னால் போக வேண்டும்.

பதிவுச் சான்று, காப்பீடு, பழைய தகுதிச் சான்று, வரி ரசீது, புகைச் சான்று என்று உங்கள் ஊரில் கேட்பதை ஒரே உறையில் போட்டு வையுங்கள். கூடவே, பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு நீங்களே ஒருமுறை ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடம் அழுக்கும் கிரீஸும் மூடிக் கிடந்தால் துணியால் துடைத்தாலே போதும். உப்புத்தாளும் கிரைண்டரும் அந்தப் பக்கமே போகக் கூடாது. எண் மங்கிவிட்டால் வண்டியின் அடையாளமே சந்தேகத்துக்கு உள்ளாகும். இடையில் எஞ்சின் மாற்றியிருந்தாலோ, நிறம் மாற்றியிருந்தாலோ பதிவில் அதை ஏற்றிவிட்டுத்தான் சோதனைக்குப் போக வேண்டும்.

போன முறை கொடுத்த அறிக்கை இருந்தால் அதைத் தேடி எடுங்கள். ‘தேறியது, ஆனால் கவனிக்கவும்’ என்று அதில் எழுதியிருந்ததெல்லாம் இந்த ஆண்டு உங்கள் முதல் பட்டியல். போன ஆண்டு ‘முன் பிரேக் பேட் தேய்ந்து வருகிறது’ என்றிருந்தால் இந்த ஆண்டு அது தீர்ந்தே போயிருக்கும்.

இரண்டாம் படி: விளக்குகள்

சாயங்காலம், ஒரு சுவரை நோக்கி வண்டியை நிறுத்திவிட்டு எல்லா விளக்கையும் போடுங்கள். ஹெட்லைட் டிம், பிரைட், பார்க்கிங் விளக்கு, நான்கு இண்டிகேட்டர், ஹசார்ட், பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் வண்டியின் பின்புறத்தைச் சுவர்ப் பக்கம் நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். சுவரில் விழும் சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் தெரியும். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. பார்க்கிங் விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். இண்டிகேட்டர் துடிக்கும்போது பிரேக் விளக்கும் கூடவே மங்கி மங்கி எரிந்தால் பல்பை மாற்றி பிரயோஜனம் இல்லை, எர்த் சரியில்லை. விளக்குக் கூட்டின் பின்னால் உள்ள எர்த் ஒயர், பாடியில் சேரும் இடத்தில் துருப் பிடித்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம்செய்து இறுக்கினால் சரியாகிவிடும்.

ஹெட்லைட் எவ்வளவு உயரத்தில் அடிக்கிறது என்பதும் சோதனையில் உண்டு. சமதளத்தில் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் போடுங்கள். ஹெட்லைட்டின் நடு உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே வெளிச்சத்தின் மேல்விளிம்பு விழ வேண்டும். பல கார்களுக்கு இது போதுமான கணக்கு; உங்கள் வண்டிக்குரிய சரியான சதவீதம் பல நேரம் ஹெட்லைட் அருகிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். டேஷ்போர்டில் விளக்கு உயரத்தை மாற்றும் திருகு இருந்தால், அதைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு அளக்கவும். மஞ்சள் பூத்த ஹெட்லைட் மூடியைப் பாலிஷ் போட்டால் வெளிச்சமும் கூடும், கோணமும் தெளிவாகத் தெரியும். ஹாலஜனுக்காகச் செய்த விளக்குக்குள் கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பை மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் பழையதைப் போடுங்கள். வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். பிரிட்டன் உட்பட பல இடங்களில் அது தோல்விக்கே காரணம்.

மூன்றாம் படி: டயர்

டயரை நின்றபடி பார்த்தால் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, முன் டயரின் உள்விளிம்பைப் பாருங்கள். வெளியே பட்டன் (டயரின் மேடுபள்ள வார்ப்பு) நன்றாக இருந்து, உள்ளே வழவழவென்று ஆகியிருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. உள்ளங்கையை டயரின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, திரும்பி வரும்போது ரம்பம்போல உறுத்தினால் டயர் ரோட்டில் இழுபட்டுக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். கம்பி வெளியே வந்திருக்கலாம் என்று தோன்றினால் கையை வைக்க வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

பல நாடுகளில் கார் டயரின் பள்ளத்துக்குக் குறைந்தபட்ச வரம்பு 1.6 மி.மீ. ஆழம். இதை அளக்கக் கருவிகூட வேண்டாம். டயரின் பெரிய பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. நான் சொல்வேன், 3 மி.மீ. வந்ததுமே மாற்றும் யோசனையைத் தொடங்கிவிடுங்கள். தண்ணீர் தேங்கிய சாலையில் பள்ளம் குறையக் குறைய டயர் நீரை வெளியே தள்ள முடியாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும்.

பக்கச்சுவரில் கொப்பளம்போலப் புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயர் சோதனைக்கும் போகக் கூடாது, ரோட்டுக்கும் போகக் கூடாது. வயதைப் பார்க்க, பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். ஸ்டெப்னி சோதனையில் வராத ஊரிலும் அதில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, சான்றிதழ் வாங்கியதும் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மொட்டை டயரோடு மழையில் போகப்போவது சோதனை அதிகாரி இல்லை. நீங்களும், உங்கள் பின் இருக்கையில் இருப்பவர்களும், எதிரே நடந்து வருகிறவரும்தான். வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு டயர் எவ்வளவு பெரிய செலவு என்பது எனக்குத் தெரியும். முடியாத மாதத்தில் இரண்டு டயரை மட்டுமாவது புதிதாக வாங்குங்கள். பட்டன் அதிகம் உள்ள ஜோடி பின்னால் இருக்கட்டும். எஞ்சின் முன் சக்கரத்தைச் சுழற்றும் வண்டியானாலும் சரிதான், ஈர ரோட்டில் பின்புறம் சறுக்கினால் வண்டியைக் கட்டுக்குள் கொண்டுவருவது கஷ்டம்.

நான்காம் படி: கண்ணாடி, வைப்பர், ஹார்ன், சீட் பெல்ட்

இது சீக்கிரம் முடியும் வேலை. ஓட்டுநரின் பார்வைக்கு நேரே கண்ணாடியில் உள்ள சேதம் பிரிட்டனில் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் தோல்வி. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மி.மீ. வரை விடுகிறார்கள். ஸ்டிக்கர், தொங்கும் பொம்மை, போன் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வைப்பர் கோடு விடாமல் துடைக்க வேண்டும், தண்ணீர் பீச்ச வேண்டும். ஹார்ன் ஒலிக்க வேண்டும்.

சீட் பெல்டை முழு நீளமும் வெளியே இழுத்து, விளிம்பில் நூல் பிரிந்திருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டென்று வெடுக்கென இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும். விட்டால் தானாக உள்ளே சுருள வேண்டும். பின் இருக்கை பெல்ட்டுகள் பல கார்களில் மெத்தைக்கு அடியில் புதைந்து கிடக்கும். தோண்டி எடுத்து வெளியே போட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: பிரேக்

இதற்கு நேரம் கொடுங்கள். வண்டி நன்றாக நிற்கிறதே என்று நமக்குத் தோன்றும்; ஆனால் சோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் சக்கரத்தை ஏற்றி, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக எவ்வளவு விசையில் பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். ஓட்டும்போது நமக்குத் தெரியாத வித்தியாசம் அங்கே எண்ணாக வந்துவிடும்.

மூன்று கணக்கு பார்ப்பார்கள். முதலாவது, நான்கு சக்கரத்தின் பிரேக் விசையையும் கூட்டி வண்டி எடையோடு ஒப்பிடுவது. பழைய கார்களுக்கு 50 சதவீதம், புதியவற்றுக்கு 58 சதவீதம் வேண்டும். 1,200 கிலோ எடையுள்ள பழைய கார் என்றால் மொத்தம் 600 கிலோ விசை. இரண்டாவது, ஹேண்ட் பிரேக். அதற்கு 16 சதவீதம், அதாவது அதே காருக்கு 192 கிலோ. மூன்றாவதுதான் பலரைக் கவிழ்ப்பது: ஒரே அச்சில் இடது, வலது வித்தியாசம். இடது சக்கரம் 240, வலது 160 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 80. அதைப் பெரிய எண்ணான 240-ஆல் வகுத்தால் 33 சதவீதம். வரம்பு 30. இரண்டு சக்கரமும் பிடித்தும் வண்டி தோற்றுவிட்டது. அவசரத்தில் ஓங்கி மிதித்தால் இந்த வண்டி இடது பக்கம் இழுக்கும்.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பத்துப் பதினைந்து நிமிடம் சாதாரணமாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நான்கு ரிம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டை உணருங்கள். முன்னிரண்டும் பின்னிரண்டைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஆனால் ஒரே அச்சில் ஒன்று அனல் அடித்து மற்றது சாதாரணமாக இருந்தால், சூடான பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது குளிர்ந்த பக்கம் வேலையே செய்யவில்லை. காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகரும் பின்களில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கலாம், பின் ட்ரம்மில் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கலாம். இது ஒர்க்‌ஷாப் வேலை. மாற்றும்போது பேட், லைனிங் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்றச் சொல்லுங்கள்.

ஹேண்ட் பிரேக்கை வழக்கமாகப் போடாமல் கியரில் விட்டு நிறுத்துகிறவர்களின் வண்டியில் கேபிள் துருப் பிடித்து இறுகிவிடும். சோதனைக்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது தினமும் போட்டு எடுங்கள். லீவர் மேலே ஏறிக்கொண்டே போனால் டைட் வைக்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

ஆறாம் படி: வண்டிக்கு அடியில்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதளம், எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கி தூக்கியபின் ஸ்டாண்ட். இது இல்லையென்றால் இந்தப் படியை ஒர்க்‌ஷாப்பில் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

தூக்கிய முன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளே வெளியே அசையுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்து ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட். எது என்று உறுதியாகத் தெரிய, ஒருவர் சக்கரத்தை அசைக்கும்போது நீங்கள் அந்த ஜாயின்டின் மேல் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ‘டக்’ விரலில் தெரியும். ஆக்சில் ரப்பர் கூடு கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். கூடு மட்டும் மாற்றும் நிலையில் பிடித்துவிட்டால் ஜாயின்ட் தப்பிக்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

துரு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கதவு அடியில் மேலோட்டமாகத் துரு இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பொருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி 30 செ.மீ.க்குள் தகடு அரித்திருந்தால் பிரிட்டனில் தோல்விதான். ஓட்டையில் பட்டி பூசி பெயின்ட் அடித்து மறைப்பதில் அர்த்தமில்லை; தட்டிப் பார்த்தாலே சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். அரித்த தகட்டை வெட்டி எடுத்து, நல்ல உலோகத்தோடு சுற்றிலும் தொடர்ச்சியாக வெல்டிங் வைக்க வேண்டும். டிங்கர் வேலைக்கு நாள் ஆகும் என்பதால் இதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடச் சொல்கிறேன்.

ஏழாம் படி: புகையும் எச்சரிக்கை விளக்குகளும்

சாவியைத் திருப்பியதும் செக் எஞ்சின், ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிந்து, பின்பு அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலும் தப்பு, ஆரம்பத்தில் எரியாமலே இருந்தாலும் தப்பு. பல்பைக் கழற்றிவிட்டு ஏமாற்ற முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஸ்கேனரை மாட்டி பிழையை அழித்துவிட்டு மறுநாள் போகலாம் என்றும் நினைக்க வேண்டாம். பிழையை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ, புகை தொடர்பான தன் சுயசோதனைகளை எஞ்சின் கம்ப்யூட்டர் முதலிலிருந்து தொடங்கும். அவை முடியவில்லை என்பது சோதனைக் கருவியில் தெரியும்; அதற்காகவே திருப்பி அனுப்பும் இடங்களும் உண்டு. பழுதைச் சரிசெய்தபின் சில நாள் நகருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டுங்கள்.

பெட்ரோல் வண்டியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரிக்குச் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். குளிர்ந்த வண்டி நல்ல வண்டியாக இருந்தும் தோற்பது இதனால்தான். புதிய தலைமுறை பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஆக்சிலேட்டரை உயர்த்திப் பிடிக்கும்போது 0.2 சதவீதம், லாம்ப்டா (எரிபொருளுக்கு ஏற்ற அளவு காற்று சேர்கிறதா என்று காட்டும் எண்) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் என்பது வழக்கமான வரம்பு. லாம்ப்டா கூடுதலாக வந்தால் உடனே சென்சாரை மாற்றாதீர்கள். சைலன்சர் குழாயில் சின்ன விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே கலந்து எண்ணைக் கெடுத்துவிடும். வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, குழாயின் வெளிமுனையைத் தடித்த துணியால் சில நொடி அடைத்துப் பிடித்தால், கசியும் இடம் சீறிக் காட்டும்.

டீசல் வண்டியை நின்ற இடத்திலேயே முழுக்க ஆக்சிலேட்டர் கொடுத்துப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். எஞ்சினுக்கு அது கடுமையான வேலை. எஞ்சின் ஆயில் அளவு சரியா, டைமிங் பெல்ட் மாற்றும் காலம் தாண்டவில்லையா என்று உறுதிசெய்துவிட்டுப் போங்கள். அடைத்த ஏர் ஃபில்டர் கரும்புகைக்கு எளிய காரணம். முதலில் அதை மாற்றிப் பாருங்கள். எப்போதும் நகருக்குள்ளேயே ஓடும் டீசல் காரில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். முந்தின நாள் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நிலையான வேகத்தில் ஓட்டினால் அது தன்னைத் தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும்.

எட்டாம் படி: சோதனை நாள்

வாட்டர் வாஷை இரண்டு நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். காலையில் அடித்துவிட்டு நேரே போனால் ட்ரம்மிலும் டிஸ்க்கிலும் ஈரம் இருந்து பிரேக் எண் குறையும். டிக்கியைக் காலி செய்யுங்கள். டயரில் குறிப்பிட்ட அளவுக்குக் காற்று, டேங்க்கில் பாதியாவது எரிபொருள், பெட்ரோல் மூடியின் சாவி, பானட் திறக்கும் லீவர் வேலை செய்கிறதா என்பது. இவ்வளவுதான். வீட்டிலிருந்து சோதனைக்கூடம் பக்கம் என்றால் சுற்றிப் போங்கள். இருபது நிமிட ஓட்டத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறும். வரிசையில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்தியிருந்தால், உங்கள் முறை வருவதற்குச் சற்று முன் ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருங்கள்.

தோற்றுவிட்டால்

காகிதத்தை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பாதீர்கள். எந்த இடம் என்று காட்டச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். முடிந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘முன் சஸ்பென்ஷன் ஆட்டம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒர்க்‌ஷாப்பில் நான்கு பாகத்தை மாற்றச் சொல்வார்கள். ‘இடது கீழ் பால் ஜாயின்ட்’ என்று தெரிந்தால் ஒரு பாகத்தோடு முடியும். பிரேக் அளவு அச்சிட்ட தாள் கொடுத்தால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். வேலை முடிந்தபின் வரும் புதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால், செய்த வேலை பலித்ததா என்று தெரியும்.

ஐரோப்பிய முறையில் குறைகளைச் சிறியது, பெரியது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். சிறியதில் வண்டி தேறும். பெரியதென்றால் சரிசெய்து மறுசோதனை. ஆபத்தானது என்று எழுதியிருந்தால் பழைய சான்றிதழில் நாள் பாக்கியிருந்தாலும் அந்த வண்டியை ஓட்டக் கூடாது; ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை வரவழையுங்கள். மறுசோதனைக்கு எத்தனை நாள் அவகாசம், தோற்ற பாகத்தை மட்டும் பார்ப்பார்களா, கட்டணம் குறையுமா என்பதை அங்கேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

தேறியிருந்தாலும் அறிக்கையைக் கடைசி வரி வரை படியுங்கள். கவனிக்கச் சொன்னவற்றை அடுத்த சர்வீஸில் கொடுக்கும் வேலைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அடுத்த சோதனைத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.